தப்புப் புள்ளி

ஜூலை 14, திங்கள்

ஆவுடை போய் இன்றோடு பதினெட்டு நாள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை என்று அவள் அம்மா புஷ்பம் அத்தை சொல்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால், "பெரிய ஆஸ்பத்திரிட்டி" என்கிறாள். பேர், தெரு எதுவும் கிடையாது. பெரியது, அவ்வளவுதான்.

எங்கள் மகளிர் கைவினைக் குழுவுக்கு மலர்க்கொடி என்று பெயர். புஷ்பம் அத்தைதான் தலைவி. அவள் வீட்டுக் கீழ்த்தளக் கூடத்தில், ஆரி வேலைக்குத் துணியை இழுத்துக் கட்டுகிற மரச் சட்டங்களைப் போட்டு, கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மணியும் ஜரிகையும் தைக்கிறோம். திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போகிறது. சுவரில் 'பெண்கள் எழுந்தால் ஊர் எழும்' என்று எழுதி மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழேதான் நாங்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். எவளோ ஒருத்தி நான்கு மணி நேரம் மேடையில் நிற்பதற்காக மூன்று பேர் பத்து நாள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம். பி.ஏ. பொருளாதாரம் படித்ததற்கு இது.

இன்று ஆவுடையின் வேலையை என் தலையில் கட்டினாள் அத்தை. "ஏட்டி கோமு, இனி டிசைன் எறக்குத வேல ஒனக்குத்தான். ஒனக்குத்தான கை நடுங்காது."

டிசைன் இறக்குவது பெரிய வித்தை இல்லை. மெல்லிய தாளில் கொடியும் பூவும் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தியிருப்பார்கள். தாளைப் பட்டின்மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால், துளை வழியே பொடி இறங்கித் துணியில் புள்ளிப் புள்ளியாக டிசைன் விழும். ஜாக்கெட்டின் இரண்டு கைக்கும் ஒரே தாள்தான். வலது கைக்கு ஒரு முறை தேய்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு இடது கைக்குத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கையிலும் மயில் ஒன்றையொன்று பார்க்கும்.

முன்பு ஆவுடையே வரைந்து ஆவுடையே குத்துவாள். இப்போது தாள்கள் மதுரையிலிருந்து ஒரு டிசைனர் அனுப்புகிறானாம்.

ஜூலை 16, புதன்

மதுரை டிசைனர் இலை நுனியில் இரண்டு துளை போடுகிறான். ஆவுடையும் அப்படித்தான் போடுவாள். எல்லாரும் ஒரே யூடியூபைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்கிறார்கள்.

ஜூலை 17, வியாழன்

அரக்குப் பட்டு ஜாக்கெட். வலது கைக்குத் தேய்த்துத் தாளை எடுத்ததும் பார்த்தேன், கொடிக்கும் பூவுக்கும் நடுவே வெற்றிடத்தில் நூற்றுக்குமேல் தப்புப் புள்ளிகள். தாளில் அந்த இடத்தில் கோடே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் துளை தெரிகிறது.

தப்புப் புள்ளிக்கு எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. துடைக்கக் கூடாது, பட்டு வெளுத்துவிடும். புள்ளிமேல் ஒரு பொடி மணியை வைத்துத் தைத்து மூடிவிட வேண்டும். ஆவுடை கொண்டுவந்த விதி. "யாரு வந்து எண்ணப் போறா? நெறய மணி இருந்தா பொண்ணு வீட்டுக்காரங்களுக்குச் சந்தோசந்தான்" என்பாள்.

"மதுரக்காரன் குடிச்சிட்டுக் குத்திருப்பான்" என்றாள் ஜெசிந்தா அக்கா. குழுவில் அவள்தான் மூத்தவள், வாய் ஓயாதவள். "மணியப் போட்டு மூடு. நம்ம பாவத்தையும் சேத்து மூடு."

மூன்றாவது ஆள் கனி. என்னைவிட ஒரு வயது சின்னவள், அதிகம் பேச மாட்டாள். அவள் சட்டத்தில்தான் அந்த ஜாக்கெட் ஏறியது. குனிந்து அந்தப் புள்ளிகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மணிக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஜூலை 18, வெள்ளி

மின்சாரம் இல்லை. விசிறி நின்றால் இந்தக் கூடத்தில் எல்லாம் கேட்கிறது.

ஜூலை 21, திங்கள்

அதே ஜாக்கெட்டின் இடது கையை இன்று இறக்கினேன். தாளைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். எடுத்தேன்.

வலது கையில் வெறும் சிதறலாகக் கிடந்த புள்ளிகள் இடது கையில் எழுத்தாக நின்றன.

மேல இருக்கேன்.

இரண்டு சொல். இலைகளுக்கு நடுவே, சாய்வாக. தாளைத் திருப்பினால் மட்டுமே நேராகும்படி யாரோ கண்ணாடி எழுத்தில் குத்தியிருக்கிறார்கள்.

என் பின்னால் புஷ்பம் அத்தை நின்றுகொண்டிருந்தாள். "நல்லா விழுந்திருக்கா?" என்றாள். "விழுந்திருக்கு அத்தை" என்றேன். கண்ணாடி போடாமல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. துணியைக் கனியிடம் கொடுத்தேன். கனி சட்டத்தில் ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு புள்ளிமேலும் சந்தன நிற மணி ஏறிவிட்டது.

கிறுக்கு டிசைனர் எதையாவது குத்திவிட்டுப் போவான். அதற்கெல்லாம் அர்த்தம் தேடினால் பிழைக்க முடியாது.

ஜூலை 24, வியாழன்

கடைக்காரம்மா அந்த ஜாக்கெட்டை ஒரு மாடல் பெண்ணுக்குப் போட்டுப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். மாடல் இடது கையை இடுப்பில் ஊன்றிச் சிரிக்கிறாள். 'சூப்பர்', 'ஆர்டர் பண்ணலாமா', இதய பொம்மை, தீ பொம்மை. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது. இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட அதை எழுத்தாகப் பார்க்கவில்லை. பட்டில் இருந்தால் எல்லாம் அலங்காரம்.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே கூரையில் டக், டக், டக் என்று சத்தம். விட்டுவிட்டு வந்தது. மடித்த போர்வையின்மேல் தாளை வைத்து ஊசி குத்தினால் சத்தம் வராது. போர்வை இல்லாமல் தரையில் வைத்துக் குத்தினால் இப்படித்தான் வரும்.

கனி எழுந்து ரேடியோவைக் கூட்டினாள்.

"எலி" என்றாள் அத்தை.

"பெரிய எலிதான்" என்றாள் ஜெசிந்தா அக்கா. "காலைல காப்பி, மத்தியானம் தட்டுல சோறு, மேல ஒரு தட்டு போட்டு மூடிக்கிட்டுப் போறியே புஷ்பம். நல்ல கவனிப்பு. என்னைய வளக்கியா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஜெசிந்தா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். ரேடியோவில் யாரோ உர விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 28, திங்கள்

புதுத் தாள். இடது கையில் ஒரே ஒரு சொல் விழுந்தது. என்ன சொல் என்று இங்கே எழுதப் போவதில்லை.

இதைக் கனியிடம் கொடுக்கவில்லை. நானே தைத்தேன். எழுத்துப் புள்ளிகளோடு சேர்த்து, சுற்றிலும் இருபது முப்பது மணியை நானாகவே அள்ளி வைத்தேன். இப்போது யாருக்கும் படிக்க வராது.

ஜூலை 30, புதன்

மதியழகன் போலீசில் மனுக் கொடுத்திருக்கிறான். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன், ஆற்றுக்கு அந்தப் பக்கத் தெரு. அந்தப் பக்கத் தெரு என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அவனும் ஆவுடையும் இரண்டு வருஷமாகப் பழகுகிறார்கள். போன வாரம் இந்த வீட்டுக்கு எதிரே டீக்கடையில் வந்து நின்றிருக்கிறான். ஆவுடையின் அண்ணன் பரமசிவனும் அவன் கூட்டாளிகளும் அடித்த அடியில் கை முறிந்து, கட்டோடு போய் மனுக் கொடுத்தானாம்.

பதினோரு மணிக்கு ஒரு ஏட்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், தலைவி வீடு என்ற மரியாதை. டீ குடித்தார். பரமசிவனைக் காணோம். அவன் பைக் மட்டும் வாசலில் நின்றது.

"பொண்ணு எங்கம்மா?"

"கோயம்புத்தூர்ல வேலைக்குப் போயிருக்கா சார்."

"மாடியில யாரு இருக்கா?"

இதை அத்தையிடம் கேட்கவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"புறா இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா அக்கா. "எச்சம் தாங்கல."

ஏட்டு சிரித்தார். அத்தை சிரித்தாள். கனி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த நாட்டில் போலீஸ் மாடிப்படி ஏறாது. டீ வரும் உயரம் வரைதான் ஏறும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

"அந்த வீட்டுல என்ன நடந்தா நமக்கென்ன? போனியா, தச்சியா, வந்தியான்னு இரு" என்றாள். நான் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுதிவிடுகிறேன். ஜூலை 28 அன்று விழுந்த சொல் 'கோமு'.

இன்று விழுந்தது: நீதான சொன்ன.

நான் எதையும் சொல்லவில்லை. நடந்தது இதுதான். ஜூன் மாதம் மாவட்டப் பயிற்சி மையத்துக்கு ஒரு பயிற்சியாளரை அனுப்பச் சொல்லி எங்கள் குழுவுக்குக் கடிதம் வந்தது. அரசாங்க வேலைக்கு அடுத்த படி. பட்டப்படிப்பு கேட்டிருந்தார்கள். குழுவில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி. ஆவுடை பிளஸ் டூ. அத்தை ஆவுடையின் பெயரை எழுதி அனுப்பினாள். தலைவி மகள். குழு, ஜனநாயகம், பெண் முன்னேற்றம் எல்லாம் அவ்வளவுதான்.

மறுநாள் நான் அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஆவுடை நேத்து தென்காசி பஸ்ல போனாளே அத்தை, கூட ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தானே, எதுவும் விசேசமா?" இது கேள்வி. தகவல் இல்லை. கேள்வி கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லையா?

அதற்கு அடுத்த நாள் அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்த இடது கையில் மணி வைக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பட்டு வெளுத்தது. அத்தை திட்டினாள். கடைக்காரம்மா திட்டுவாள். திட்டட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேலே குழாயில் தண்ணீர் விழுகிறது. கீழே நாங்கள் நான்கு பேரும் இருக்கிறோம். பரமசிவன் வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருக்கிறான். தண்ணீர் நின்றது. ஈரக்காலோடு நடக்கிற சத்தம், நாலு எட்டு, பிறகு ஒரு சங்கிலி இழுபடுகிற மாதிரி. நாய்ச் சங்கிலி இந்த வீட்டில் உண்டு. நாய் போன வருஷமே செத்துவிட்டது.

கனி ரேடியோவைக் கூட்டவில்லை. நான் எழுந்து கூட்டினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆவுடைக்குக் கல்யாணம். ஆவணி 12. புஷ்பம் அத்தையின் தம்பி மகன், கோவில்பட்டிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறவன். முதல் பெண்டாட்டி தீயில் செத்தாள் என்று ஜெசிந்தா அக்கா காதோடு சொன்னாள். "அன்னைக்குக் காலைல கோயம்புத்தூர்ல இருந்து நேரா மண்டபத்துக்கு வந்திருவா" என்று அத்தை எல்லாருக்கும் அல்வா கொடுத்தாள்.

"கல்யாண ஜாக்கெட்ட நீங்கதான் தைக்கணும். ஒங்க கூடப் பொறந்தவ மாதிரில்லா."

அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தாள். ஆவுடையின் பழைய அளவு எனக்கு மனப்பாடம். போன தீபாவளிக்கு நான்தான் அவளுக்கு வெட்டினேன். மார்பு முப்பத்து நாலு, கைச்சுற்று பதினொன்று. சீட்டில் மார்பு முப்பத்தொன்று, கைச்சுற்று ஒன்பது.

"அளவு தப்பா இருக்கே அத்தை."

"ஆஸ்டல் சாப்பாடுட்டி. எளச்சுட்டா."

"யாரு அளந்தா?"

அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். டேப் அவள் கழுத்தில்தான் கிடந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கல்யாண ஜாக்கெட்டுக்கான தாள் வந்தது. பல்லக்கு, இரண்டு பக்கமும் யானை, கீழே ஓர் அங்குலத்துக்கு முல்லைக் கொடி. இவ்வளவு நேர்த்தியாகக் குத்திய தாளை நான் பார்த்ததில்லை. தன் கல்யாண ஜாக்கெட்டைத் தானே குத்தியிருக்கிறாள்.

வலது கையை இறக்கினேன். தப்புப் புள்ளி ஒன்றும் இல்லை. இடது கைக்குத் திருப்பினேன். இல்லை. முதுகுத் துண்டு, கழுத்துத் துண்டு எல்லாவற்றையும் சன்னலில் பிடித்துப் பார்த்தேன். பழைய வெள்ளைத் துணியில் நான்கு தரம் தேய்த்துப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. அவள் இனி எங்களிடம் பேசப் போவதில்லை.

சத்தமும் இல்லை. நாள் முழுக்க நான்கு பேரும் தலையைத் தூக்கித் தூக்கிக் கூரையைப் பார்த்தோம். கடைசியில் ஜெசிந்தா அக்காதான் மெல்லச் சொன்னாள், "எலியக் காணமே." யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இடது கையை நானே எடுத்துக்கொண்டேன். யானைக்குக் கீழே, கொடிகளுக்கு நடுவே, நானே புள்ளி வைத்தேன். தாள் இல்லாமல் நேராகத் துணிமேல். மற்ற மணியின் நிறத்திலேயே மணி. தெரிந்து தேடுகிறவளுக்கு மட்டும் தெரியும்.

நான்தான் சொன்னேன். மன்னிச்சிரு.

கனி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "'மன்னிச்சிரு'ல ஒரு புள்ளி கொறயுது" என்றாள். ஊசியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"மொதக் கையவே நான்தான தச்சேன்" என்றாள். "ஒவ்வொரு எழுத்தா தச்சவளுக்குத் தெரியாதா?" தன் சட்டத்துக்குத் திரும்பிப் போய்க் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். குழு சார்பில் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தோம். அத்தை பெண் கல்வி பற்றிப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜாக்கெட்டை அளவு பார்க்க அத்தை எடுத்துக்கொண்டு போனாள். "கோயம்புத்தூருக்குப் பார்சல் அனுப்பிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். எங்கள் கண் முன்னாலேயே ஏறினாள். எங்களிடம் மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்கு இப்போது தோன்றுவதில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கொக்கி வைக்க ஜாக்கெட் கீழே வந்தது. கோயம்புத்தூர் பார்சல் ஒரே நாளில் போய் வந்துவிட்டது.

இடது கையைத் திருப்பினேன். 'நான்தான் சொன்னேன்' அப்படியே இருக்கிறது. 'மன்னிச்சிரு' இல்லை. ஆவுடை ஒவ்வொரு மணியாக ஊசி முனையால் நெம்பி நூலை அறுத்து எடுத்திருக்கிறாள். பட்டில் ஊசித் துளை மறையாது. அந்த இடத்தில் வரிசையாகத் துளைகள். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது.

நான் ரொம்ப நேரம் அந்தத் துளைகளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் ஊர், போலீஸ், அத்தை, கடைக்காரம்மா, அந்தப் பக்கத் தெரு, இந்தப் பக்கத் தெரு என்று இந்த நோட்டில் எல்லாரையும் திட்டி எழுதியிருக்கிறேன். பக்கம் பக்கமாக. திட்டுவது எவ்வளவு சௌகரியமான வேலை.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

கொக்கி வாங்கப் போகிறேன் என்று ஜாக்கெட்டோடு பஸ் ஏறினேன். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார். அளவுச் சீட்டு, இன்ஸ்டாகிராம் படம், ஜாக்கெட் மூன்றையும் மேசைமேல் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல 'நான்தான் சொன்னேன்'னு இருக்கே. யாரு நான்?"

சொன்னேன். பஸ், பயிற்சி மையம், கேள்வி எல்லாவற்றையும். முழுதாகச் சொல்ல நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நாளைக்குக் காலைல வாரோம். யார்ட்டயும் மூச்சு விடாத" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவர் யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டார். ஆனால் எங்கள் ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லித்தானே வர வேண்டும்.

காலையில் நான் வேலைக்குப் போகவில்லை; பதினொன்றரைக்கு ஜீப் வந்ததும் கூடவே போனேன். அதிகாரி, இரண்டு பெண் போலீஸ், பின்னால் அதே ஏட்டு. அத்தை சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். மாடிக்கு வழிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

அறை காலி. கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது. பினாயில் வாசனை. கட்டில் இல்லை, தாள் இல்லை, சங்கிலி இல்லை. ஆனால் சிமெண்டுத் தரையில், சன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், ஒரு முழத்துக்கு ஒரு முழம், ஆயிரக்கணக்கில் ஊசிப் புள்ளிகள். கொடி, மயில், யானை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. போர்வைகூடக் கொடுக்கவில்லை.

அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார். "குழு வேலைதான் மேடம், முன்னால இங்கதான் தச்சோம்" என்றாள் அத்தை. ஏட்டு தலையை ஆட்டினார். பெண் போலீஸ் ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையில், பொறாமை பிடித்தவள் என்று எழுதியிருந்தது. அது பொய்யும் இல்லை.

கீழே வந்தோம். ஜீப் கிளம்பப் போகிறது. சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அக்கா, ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"பத்து மணிக்குக் கீழ எறக்கினாங்க மேடம்."

"ஜெசிந்தா!" என்றாள் அத்தை.

"சும்மா இரு புஷ்பம். புறான்னு சொன்னதுக்கே நான் எந்தச் சாமியார்ட்டப் போய் மண்டி போடன்னு தெரியல." அதிகாரியிடம் திரும்பினாள். "முக்காடு போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. நடக்க முடியல புள்ளைக்கு. பரமசிவன் ஒரு பக்கம் பிடிச்சிருந்தான்."

"வெள்ளைக் கார்" என்றாள் கனி. அவள் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே வண்டி எண்ணையும் சொன்னாள். கடைசி நான்கு இலக்கத்தையும் தையலோரம் புள்ளியாகக் குறித்து வைத்திருந்தாள்.

அத்தை படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். "அவளக் கொன்னுருவாங்கன்னுதான்ட்டி பூட்டி வச்சேன்" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "வெளிய விட்டா அண்ணங்காரன் வெட்டிருவேன்னான். நான் என்ன செய்ய?" அது உண்மையாகவும் இருக்கலாம்.

மூன்று மணிக்கு செங்கல் சூளைக்காரன் தோட்டத்து வீட்டில் ஆவுடை கிடைத்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வாக்குமூலம் எழுத எங்களையும் வரச் சொன்னார்கள். உள்ளறையில் அதிகாரிக்கு எதிரே ஆவுடை. கதவு பாதி திறந்திருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. பின்னல் இல்லை. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். குரல் மட்டும் மாறவில்லை.

"கீழ பேசுறது எல்லாம் எனக்குக் கேக்கும் மேடம். சாப்பாட்டு நேரத்துல சிரிப்பாங்க. நான் தரையில குத்துவேன். சிரிப்பு டக்குன்னு நிக்கும். அப்ப தெரிஞ்சுக்கிடுவேன், அவங்களுக்கு நான் கேக்குதேன்னு. பொறவு ரேடியோ சத்தம் கூடும்."

எழுத்தர் எழுதி முடித்ததும் தொடர்ந்தாள்.

"போலீஸ் வந்த அன்னைக்கு அண்ணன் என் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தான். மாடியில யாரு இருக்கான்னு கேட்டது நல்லா கேட்டது. யாராவது ஒருத்தி சொல்லிருவான்னு நெனச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"யார் யார் இருந்தாங்க?"

"எங்கம்ம. ஜெசிந்தா அக்கா. கனி. கோமதி."

"கோமதியா? அந்த ஜாக்கெட்டக் கொண்டு வந்து குடுத்த பொண்ணா? அவளாலதானம்மா ஒன்னக் கண்டுபிடிச்சோம்."

ஆவுடை திரும்பினாள். கதவு இடுக்கு வழியே நேராக என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. இறக்கிய டிசைன் நேராக இருக்கிறதா என்று சரிபார்க்கிற பார்வை.

"அவ பேரயும் எழுதிக்கிடுங்க மேடம்" என்றாள்.

எழுத்தர் வெளியே வந்து என் தகப்பனார் பெயரையும் வயதையும் கேட்டார். சொன்னேன்.